பட்டம் பெற்ற பின் மருத்துவக் கல்விக்கு: ஒரு போஸ்ட்-பேக் தேர்வின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரிய பெண் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வாழ்பவர். 2017-இல் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பொருளியலில் இளநிலைப் பட்டம் பெற்று, மூன்று ஆண்டுகள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தரவுப் பகுப்பாய்வாளராகப் பணியாற்றிய பின், 2020 அக்டோபரில், தமது 25-ஆம் வயதில், மருத்துவராக வேண்டும் என்ற உறுதியோடு ஆலோசனைக்கு வந்தார். பட்டம் பெற்றவர்களை மருத்துவக் கல்லூரிக்கு ஆயத்தமாக்கும் போஸ்ட்-பேக் திட்டங்கள் ஐந்தின் பெயர்களைக் கையில் எழுதி வைத்திருந்தார். அவற்றில் எது சிறந்தது என்பதே அவருடைய கேள்வி. கல்லூரி முடித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் பற்றி வழிகாட்டும் பணியில் இருக்கும் எனக்கு அந்தக் கேள்வி புதியதல்ல. ஆனால் அவருடைய மதிப்பெண் சான்றை வாங்கிப் பார்த்தபோது, அந்த ஐந்தில் மூன்று அவருக்கு எவ்வகையிலும் பொருந்தாதவை என்பது உடனே தெரிந்தது. அடையாளம் வெளிப்படக்கூடிய விவரங்களை நீக்கி, அவருடைய இசைவோடு, அந்தத் தேர்வு எவ்வாறு நடந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் மருத்துவக் கல்லூரிக்குச் செல்வதைப் போல அமெரிக்காவில் செல்ல இயலாது. நான்காண்டு இளநிலைப் பட்டம் முதலில் வேண்டும். பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம். ஆனால் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வக வகுப்புகளோடு தலா ஓராண்டு படித்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளின் நிபந்தனை. உயிர்வேதியியலும் புள்ளியியலும் பல இடங்களில் இதனுடன் சேரும். அதற்கு மேல், மருத்துவக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான எம்கேட். 472 முதல் 528 வரை மதிப்பெண் தரும் இத்தேர்வில் 2015 முதல் உளவியலும் சமூகவியலும் உயிர்வேதியியலும் இடம்பெற்றுள்ளன. வேறு துறையில் பட்டம் பெற்றுவிட்டவர்களும், அறிவியல் படித்தும் மதிப்பெண் குறைந்துபோனவர்களும் பட்டத்துக்குப் பின் திரும்பி வந்து இந்தப் பாடங்களைப் படிப்பதற்கான ஏற்பாடே போஸ்ட்-பேக். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெனரல் ஸ்டடீஸ் பள்ளி 1955-இலும், பிலடெல்பியாவுக்கு அருகிலுள்ள பிரின் மார் கல்லூரி 1972-இலும் இத்தகைய திட்டங்களைத் தொடங்கின. இன்று நாடெங்கும் இவை பரவியிருக்கின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் இவற்றின் நோக்கங்கள் வேறு வேறு. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

எந்த வகை மாணவர்?

திட்டங்களைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை, துறை மாறி வருபவர்களுக்கானது. அறிவியல் பாடங்களைப் பெரும்பாலும் தொட்டே பார்க்காதவர்களை, ஆனால் தம் சொந்தத் துறையில் மிக நன்றாகப் படித்தவர்களை, இவை தேர்ந்தெடுத்து ஓராண்டிலோ இரண்டாண்டிலோ எல்லாப் பாடங்களையும் முடிக்க வைக்கின்றன. பிரின் மார், மேரிலாந்தின் கவுச்சர் கல்லூரி, கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கல்லூரி ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. இரண்டாம் வகை, ஏற்கெனவே அறிவியல் படித்துக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் மேலும் இளநிலைப் பாடங்களைப் படித்துத் தம் கல்விப் பதிவை உயர்த்திக்கொள்வதற்கானது. மூன்றாம் வகை, சிறப்பு முதுநிலைத் திட்டம். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1970-களில் தொடங்கிய திட்டம் இதற்கு முன்னோடி. மருத்துவக் கல்லூரியின் முதலாண்டுப் பாடங்களையே மருத்துவ மாணவர்களோடு படித்து, அவர்களுக்கு இணையாகத் தம்மால் நிற்க முடியும் என்று மெய்ப்பிக்க வேண்டிய இடம் அது.

நம் பெண் தம்மைத் துறை மாறுபவர் என்றே நினைத்திருந்தார். பொருளியல் பட்டதாரி வேறு எப்படி நினைப்பார்? ஆனால் அவருடைய சான்றில் முதலாண்டுப் பாடங்கள் வேறு கதை சொல்லின. பொது வேதியியலின் இரு பருவங்களிலும் சி-பிளஸ், உயிரியல் முதல் பருவத்தில் சி, நுண்கணிதத்தில் பி-மைனஸ். பதினெட்டு வயதில் மருத்துவக் கனவோடு சேர்ந்து, அந்த மதிப்பெண்களால் மனம் உடைந்து பொருளியலுக்கு மாறியவர் அவர். துறை மாறுபவருக்கான கடுமையான தேர்வுள்ள திட்டங்கள், முன்பே பாதிப் பாடங்களைப் படித்து அதில் தடுமாறியவரைப் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. அவருடைய பட்டியலில் இருந்த மூன்று திட்டங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. அவர் முழுத் துறைமாற்றக்காரரும் அல்லர். எல்லாப் பாடங்களையும் முடித்துவிட்டு மதிப்பெண்ணை உயர்த்த வந்தவரும் அல்லர். இரண்டுக்கும் இடைப்பட்டவர். ஆலோசனைக்கு வருபவர்களில் இப்படிப்பட்டவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் திட்டங்களின் விளக்கக் குறிப்புகள் அவர்களை மனத்தில் வைத்து எழுதப்படுவதில்லை.

மதிப்பெண் கணக்கு

எந்தத் திட்டத்தின் பெயரையும் எடுப்பதற்கு முன் நாங்கள் ஒரு மாலை முழுவதும் கணக்குப் போட்டோம். இந்த ஆய்வில் வேறு எதையும் நினைவில் கொள்ளாவிட்டாலும் இந்தக் கணக்கைக் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

அமெரிக்காவில் மருத்துவரின் முதல் பட்டமான எம்.டி. தரும் மருத்துவக் கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பங்கள் ஆம்காஸ் என்ற பொது அமைப்பின் வழியாகவே செல்கின்றன. அந்த அமைப்பு விண்ணப்பதாரர் படித்த ஒவ்வொரு பாடத்தையும் எடுத்து, தானே ஜி.பி.ஏ., அதாவது ஏ என்றால் 4 புள்ளி என்ற அளவில் மதிப்பெண்களின் சராசரியை, கணக்கிடுகிறது. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்குக்கும் தனியாக ஓர் அறிவியல் ஜி.பி.ஏ. உண்டு. பட்டத்துக்குப் பின் படித்த இளநிலைப் பாடங்கள் தனி வரியில் காட்டப்படுவதோடு, மொத்த இளநிலை ஜி.பி.ஏ.விலும் சேர்க்கப்படுகின்றன. முதுநிலைப் பாடங்கள் வேறொரு வரியில் நிற்கும். இளநிலைக் கணக்கை அவை ஒரு புள்ளியும் அசைக்காது. ஒரு பாடத்தை மீண்டும் படித்தால் பழைய மதிப்பெண் அழிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. பழையதும் புதியதும் இரண்டுமே கணக்கில் வரும். ஆஸ்டியோபதி மருத்துவத்தின் டி.ஓ. கல்லூரிகளுக்கான விண்ணப்ப அமைப்பு முன்பு பழைய மதிப்பெண்ணை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் எடுத்துக்கொண்டது. 2017-இல் அந்தச் சலுகையும் நீங்கியது.

இந்த விதிகளை அவருடைய சான்றில் பொருத்திப் பார்த்தோம். ஒவ்வொரு பாடத்தின் அளவையும் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுவார்கள். 120 கிரெடிட்டுகளில் அவருடைய மொத்த ஜி.பி.ஏ. 3.24. அறிவியலில் 16 கிரெடிட்டுகள் மட்டுமே. அவற்றின் சராசரி 2.33. மேலும் 36 கிரெடிட்டுகள் படித்து, அவற்றில் 3.9 என்ற உயர்ந்த சராசரியைப் பெற்றாலும், மொத்த ஜி.பி.ஏ. 3.39-க்குத்தான் வரும். ஆனால் அறிவியல் ஜி.பி.ஏ. 2.33-இலிருந்து 3.4-க்கு மேல் ஏறும். ஏற்கெனவே குவிந்து கிடக்கும் 120 கிரெடிட்டுகளின் கனத்தைப் புதிய பாடங்களால் எளிதில் நகர்த்த முடியாது. ஆனால் 16 கிரெடிட்டுகள் மட்டுமே உள்ள அறிவியல் வரியை நகர்த்த முடியும். முன்பு குறைவாகப் படித்தது அவருக்கு இந்த ஓரிடத்தில் உதவியாயிற்று.

2023-இல் எம்.டி. கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி மொத்த ஜி.பி.ஏ. 3.77, எம்கேட் சராசரி 511.7. அவ்வாண்டு விண்ணப்பித்தவர்கள் 52,577 பேர், சேர்ந்தவர்கள் 22,981 பேர். 2020-இல் எங்கள் முன் இருந்த எண்களும் இவற்றை ஒட்டியவையே. இரண்டாண்டுகள் குறையின்றி உழைத்தாலும் அவருடைய மொத்த ஜி.பி.ஏ. அந்தச் சராசரியை எட்டாது என்பதை அன்று மாலையே அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அதைக் கேட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் டி.ஓ. கல்லூரிகளையும் இப்போதே பட்டியலில் சேர்த்துக்கொள்வோம்” என்றார். அமெரிக்காவில் டி.ஓ. மருத்துவர்களுக்கு எம்.டி. மருத்துவர்களைப் போலவே முழு உரிமம் உண்டு; 2020 முதல் இரு பிரிவினருக்கும் மேற்பயிற்சி ஒரே அங்கீகாரத்தின் கீழ் வந்துவிட்டது. அந்த முடிவைக் கடைசி நேரத்தின் ஆறுதலாக வைத்துக்கொள்ளாமல் தொடக்கத்திலேயே எடுத்தது இந்தத் தேர்வின் போக்கை நிர்ணயித்தது.

சிறப்பு முதுநிலைத் திட்டத்தில் சேருமாறு அவருடைய உறவினர் ஒருவர் வற்புறுத்தி வந்தார். மேற்சொன்ன கணக்கே அதற்கு விடை. இளநிலை அறிவியல் வரி 2.33-இலேயே நிற்க, முதுநிலையில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் பெற்றாலும் அது தனி வரியாகவே இருக்கும். தவிர, கரிம வேதியியலும் இயற்பியலும் படிக்காத ஒருவரை அந்தத் திட்டங்கள் ஏற்பதும் அரிது. எல்லாப் பாடங்களையும் முடித்து, எம்கேட்டில் நல்ல மதிப்பெண்ணும் பெற்று, ஜி.பி.ஏ. மட்டும் சற்றுக் குறைந்திருப்பவருக்கு அது நல்ல வழி. ஆனால் அங்கே தடுமாறினால், மருத்துவப் பாடங்களைத் தாங்க முடியாதவர் என்ற சான்றை நாமே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும். எனவே அதை முதல் அடியாக எடுத்து வைக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

விழுக்காட்டின் அடியில் இருக்கும் எண்

அவருடைய பட்டியலில் எஞ்சியிருந்த இரண்டு திட்டங்களோடு, நான் சொன்ன இன்னும் இரண்டையும் சேர்த்து நான்கை ஒப்பிட்டோம். அவற்றில் ஒன்று தன் மாணவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவக் கல்லூரிகளில் சேர்வதாக அறிவித்திருந்தது. அந்த எண் பொய்யென்று சொல்வதற்கில்லை. ஆனால் எத்தனை பேரில் 90 விழுக்காடு என்பதே கேள்வி. திட்டத்தில் சேர்ந்த அனைவரிலுமா, முடித்தவர்களிலா, அல்லது திட்டத்தின் குழுப் பரிந்துரைக் கடிதம் பெற்று விண்ணப்பித்தவர்களிலா?

குழுக் கடிதத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பல திட்டங்களில் ஆசிரியர்களின் தனித்தனிக் கடிதங்களைத் திரட்டி, மாணவரை மதிப்பிட்டு, ஒரே கடிதமாக மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்புகிறார்கள். மருத்துவக் கல்லூரிகள் பலவும் அதை விரும்புகின்றன. ஆனால் குறிப்பிட்ட ஜி.பி.ஏ.வுக்குக் கீழ் இருப்பவருக்கு அந்தக் கடிதம் தருவதில்லை என்று சில இடங்களில் விதி உண்டு. தடுமாறும் மாணவர் கடிதம் கிடைக்காமல் விண்ணப்பிக்காது விடுவார்; அல்லது பாதியிலேயே விலகுவார். அவர் அந்த விழுக்காட்டில் எங்கும் இடம்பெற மாட்டார். பணத்தையும் இரண்டு ஆண்டுகளையும் கொடுத்தவர் கணக்கிலிருந்தே காணாமல் போவது எனக்கு ஒவ்வொரு முறையும் வேதனை தருகிறது.

ஆகவே நான்கு திட்டங்களுக்கும் ஒரே மாதிரியான கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்கள் எத்தனை பேர். அவர்களில் முடித்தவர்கள் எத்தனை. கடிதம் பெற்றவர்கள் எத்தனை. முதல் முயற்சியிலேயே இடம் பெற்றவர்கள் எத்தனை. அந்தக் கணக்கில், எளிதில் இடம் கிடைக்கும் கரீபியன் தீவுகளின் மருத்துவக் கல்லூரிகளும் சேருமா. இரண்டு திட்டங்கள் எண்களோடு தெளிவாகப் பதில் எழுதின. ஒன்று தொலைபேசியில் பேச அழைத்து, எண்களைச் சொல்லாமல் திட்டத்தின் சிறப்புகளையே பேசியது. இன்னொன்று பதிலளிக்கவில்லை. பதில் வந்த இரண்டு மட்டும் அதன் பின் பட்டியலில் இருந்தன.

இணைப்பு ஒப்பந்தம்

லிங்கேஜ் எனப்படும் இணைப்பு ஒப்பந்தமும் அவரைக் கவர்ந்திருந்தது. வழக்கமான முறையில், பாடங்களை முடித்த ஆண்டின் கோடையில் விண்ணப்பித்தால் அடுத்த ஆண்டின் கோடையில்தான் மருத்துவக் கல்லூரியில் சேர முடியும்; இடையில் ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஒப்பந்தம் உள்ள மருத்துவக் கல்லூரிக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பித்தால் அந்த ஓராண்டு மிச்சமாகும். ஆனால் இதற்குப் பொதுவாக இளநிலை ஜி.பி.ஏ. மிக உயர்ந்திருக்க வேண்டும். திட்டத்தின் பாடங்களிலும் எந்த மதிப்பெண்ணும் சறுக்கக் கூடாது. ஒரே கல்லூரிக்கு மட்டும் விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் அங்கேயே சேர ஒப்புக்கொள்ள வேண்டும். 3.24 உள்ளவருக்கு இந்தக் கதவு திறக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. தமக்குக் கிடைக்காத ஒரு வசதிக்கும் சேர்த்தே கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதை அவர் உணர்ந்தபோது, பெரிய பெயருள்ள திட்டங்களின் மீதான ஈர்ப்பு பாதியாகக் குறைந்தது.

பணமும் வேலையும்

முழுநேரத் தனியார் திட்டத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து ஓராண்டுக்கே 60,000 டாலரைத் தாண்டும் என்று கணக்கிட்டார். இழக்கும் சம்பளம் இதில் சேரவில்லை. பட்டமோ சான்றிதழோ தராத, மருத்துவக் கல்விக்கு ஆயத்தமாகும் பாடங்களுக்கு மத்திய அரசின் கல்விக்கடன் தொடர்ந்து பன்னிரண்டு மாதங்களுக்கு மட்டுமே கிடைக்கும். பெற்றோரைச் சாராதவராகக் கருதப்படும் மாணவருக்கு அதன் உச்ச அளவு 12,500 டாலர். இரண்டாண்டுப் படிப்பில் இரண்டாம் ஆண்டுக்கு அந்த வழி அடைபட்டுவிடும். எஞ்சுவது தனியார் வங்கிக் கடன். அதற்குப் பின் மருத்துவக் கல்லூரியின் நான்காண்டுக் கடன் வேறு காத்திருக்கிறது.

இதற்கு எதிரே அவருடைய வேலையில் ஒரு நன்மை இருந்தது. பணியாளரின் படிப்புக்கு நிறுவனம் தரும் உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி இல்லை. அவருடைய நிறுவனம் அந்த முழுத்தொகையையும் தந்தது. எனவே இறுதியில் எஞ்சிய இரண்டில், வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், மாலை வகுப்புகளோடு இருந்த அரசுப் பல்கலைக்கழகத் திட்டத்தைத் தேர்ந்தார். அங்கே குழுக் கடிதம் உண்டு. இணைப்பு ஒப்பந்தம் இல்லை. இரண்டாண்டுப் படிப்புகளைத் தரும் சமுதாயக் கல்லூரியில் இதைவிடக் குறைந்த செலவில் படிக்கலாமே என்று கேட்டார். முதல் முறை தடுமாறிய ஒருவர், இரண்டாம் முறை தாம் தேறியதை நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் காட்டுவதே ஐயத்துக்கு இடம் தராது என்பது என் கருத்து, அவரும் ஏற்றார்.

இந்தியாவில் பட்டம் பெற்று, இணையரின் பணி விசாவைச் சார்ந்து அமெரிக்கா வந்த தமிழ்ப் பெண்கள் சிலரும் என்னிடம் இதே கேள்வியோடு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆம்காஸ் வெளிநாட்டு மதிப்பெண்களைக் கொண்டு ஜி.பி.ஏ. கணக்கிடுவதில்லை, பல மருத்துவக் கல்லூரிகள் கணிசமான கிரெடிட்டுகளை அமெரிக்காவிலேயே படித்திருக்கக் கேட்கின்றன, நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) இல்லாதவர்களைப் பல கல்லூரிகள் பரிசீலிப்பதே இல்லை, மத்திய அரசின் கடனும் அவர்களுக்கு இல்லை. அவர்கள் போஸ்ட்-பேக் திட்டத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் விசா நிலையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

நடந்தது

2021 ஜூனில் வகுப்புகள் தொடங்கின. பொது வேதியியலை மீண்டும் படிப்பதா என்பது முதல் சிக்கல். சி-பிளஸ் மதிப்பெண்ணைப் பெரும்பாலான கல்லூரிகள் ஏற்கும். மீண்டும் படித்தாலும் பழையது அழியாது. படிக்காவிட்டால் எட்டு கிரெடிட்டுகளின் செலவு மிச்சம். ஆனால் அடித்தளம் இல்லாமல் கரிம வேதியியலில் இறங்குவது அபாயம். ஆகவே 2021-இன் முதல் ஐந்து மாதங்களில், வகுப்பில் சேராமல், பழைய பாடநூலை எடுத்து ஒவ்வோர் இயலின் கணக்குகளையும் தாமே போட்டுத் தீர்த்தார். உயிரியல் முதல் பருவத்தை மட்டும் மீண்டும் படித்தார். அதில் பெற்ற சி, மருத்துவராக விரும்புபவரின் சான்றில் வேறு பதில் இல்லாமல் நிற்கக் கூடாது என்று இருவரும் கருதினோம்.

2023 மே மாதத்துக்குள் ஒன்பது பாடங்களில் 36 கிரெடிட்டுகளை முடித்தார். ஏழு பாடங்களில் ஏ. கரிம வேதியியல் முதல் பருவத்தில் ஏ-மைனஸ். இயற்பியல் முதல் பருவத்தில் பி-பிளஸ். மொத்த ஜி.பி.ஏ. 3.39, அறிவியல் ஜி.பி.ஏ. 3.41. முதல் நாள் மாலையில் காகிதத்தில் எழுதிய எண்ணிலிருந்து ஏறக்குறைய மாறவில்லை. எம்கேட்டில் 512 பெற்றார். 2019 முதல் வாரந்தோறும் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் தன்னார்வலராக இருந்ததும், அங்கே கண்டதை அவர் தம் விண்ணப்பக் கட்டுரையில் எளிமையாக எழுதியதும் அந்த எண்களுக்கு வலுச் சேர்த்தன.

ஜூன் தொடக்கத்திலேயே விண்ணப்பங்களை அனுப்பினார்: எம்.டி. கல்லூரிகள் பதினாறு, டி.ஓ. கல்லூரிகள் ஆறு. எம்.டி. கல்லூரிகளில் இரண்டு நேர்காணலுக்கு அழைத்தன. இரண்டிலும் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டார். அந்தப் பட்டியல்கள் அவர் வரை நகரவில்லை. டி.ஓ. கல்லூரிகளில் மூன்று நேர்காணல்கள், இரண்டு இடங்கள். நவம்பரில் முதல் இடம் உறுதியானது. 2024 ஆகஸ்டில் டி.ஓ. கல்லூரியில் சேர்ந்தார். போஸ்ட்-பேக் படிப்புக்காக அவர் ஒரு டாலரும் கடன் வாங்கவில்லை.

இந்தத் திட்டத்தில் நான் மாற்றியமைக்க விரும்புவது ஒன்று உண்டு. அந்த பி-பிளஸ் வந்த பருவத்தில் அவர் வேலையோடு இயற்பியல், கரிம வேதியியல் என இரண்டு ஆய்வகப் பாடங்களை ஒருசேர எடுத்திருந்தார். வாரத்தில் நான்கு மாலைகள் வகுப்பிலும் ஆய்வகத்திலும் கழிந்தன. பராமரிப்பு இல்லத்துக்குத் தன்னார்வலராகச் செல்வதைக்கூட அந்த மூன்று மாதங்கள் நிறுத்த வேண்டியிருந்தது. அட்டவணையைப் பார்த்தபோதே எனக்கு ஐயம் இருந்தது. ஒரு பருவம் தள்ளிப்போனால் விண்ணப்பமும் ஓராண்டு தள்ளிப்போகுமே என்று நானும் சேர்ந்து அவசரப்பட்டேன். இப்போது அதே நிலையில் வருபவர்களிடம், வேலையை விடாமல் படிப்பதானால் ஒரு பருவத்துக்கு ஓர் ஆய்வகப் பாடம் போதும், அதற்கு மூன்றாண்டு ஆனாலும் ஆகட்டும் என்றே சொல்கிறேன்.